ஆறு மில்லி கம்பி

விருத்தாசலம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள இரும்புக் கடையில் ஒரு கம்பிக்காகச் சண்டை நடக்கிறது. பை மாட்ட ஒரு கொக்கி வாங்க வந்த நான் ஒதுங்கி நிற்கிறேன்.

சண்டை போடும் செல்வி இங்கே பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறவர். அவர் கணவர் புதுச்சேரிக் கடலில் மூழ்கி, தானே செய்த ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிக்கிறார். அதன் ரப்பர் பட்டை, ஈட்டியாகப் பாயும் ஆறு மில்லிமீட்டர் கம்பியைத்தான் வேகமாகத் தள்ளும். போன வாரம் இந்தக் கடைக்காரர் ஆறு என்று சொல்லி எட்டு மில்லிமீட்டரைக் கொடுத்துவிட்டார். கம்பி மீனைத் தொடும் முன்பே தாழ்ந்து விழுந்தது. கடலுக்குப் போன மூன்று நாளும் கணவர் வெறுங்கையோடு கரையேறியிருக்கிறார்.

"கெட்டியா இருந்தா நல்லதுதானம்மா. திமிங்கலமே புடிக்கலாம்," என்கிறார் கடைக்காரர். கடையில் அளவுக்கருவி கிடையாது. மாற்றிக் கொடுக்க அவர் எடுப்பதும் அதே தடிமன்தான்.

செல்வி தன் பட்டறையில் செய்த, கம்பியில் கோக்கும் பீங்கான் மணி ஒன்றை மேசையில் வைக்கிறார். ஆறு மில்லிமீட்டர் கம்பி நுழையும் அளவுக்குத் துளை. இந்தக் கம்பி நுழையவில்லை.

"மண்ணுதானே, சூளையில சுருங்கியிருக்கும்."

"சுருங்குறதயும் சேத்துத்தாண்ணே அச்சு போடுறோம். எங்க வேலைய எங்களுக்கே சொல்லாதீங்க."

தவறான கம்பியை விற்றவர் மணியைக் குறை சொல்வதைக் கேட்க எனக்கே கோபம் வருகிறது. அவரோ கம்பியைத் துளையில் வைத்துச் சுத்தியலால் தட்டுகிறார். மணி இரண்டாகப் பிளக்கிறது.

"பாத்தியா, நுழைஞ்சிடுச்சு."

செல்வி கைப்பையைக் கவிழ்க்கிறார். பத்துப் பதினைந்து மணிகள் மேசையில் உருளுகின்றன.

"அடுத்த கம்பிய எடுங்கண்ணே. எனக்கு டூட்டி சாயங்காலந்தான்."