வாசல் கடைத் தேநீரில் காரீயம்

அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தது நான்கு பேர்தான். கெமிஸ்ட் சார், தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர், தொழிற்சாலை வாசலில் தேநீர்க்கடை வைத்திருந்த அக்கா, புட்டி கழுவும் நான்.

எழுபதுகளின் பிற்பகுதி. கும்மிடிப்பூண்டியில் எங்களுடையது பேட்டரிக்குக் காரீயத் தகடு வார்க்கும் தொழிற்சாலை. வார்ப்புப் பிரிவில் மூன்று பேருக்குத் தீராத வயிற்றுவலி. உடம்பில் காரீயம் ஏறியிருக்கிறது என்று மருத்துவர் எழுதிவிட்டார். எங்கள் தூசியால் வந்தது என்று ஒப்புக்கொள்ள நிர்வாகத்துக்கு மனமில்லை. அக்காவின் பித்தளை பாய்லரைக் கைகாட்டினார்கள். உள்ளே வெள்ளீயக் கலாய் பூசியவன் அதில் காரீயம் கலந்திருப்பான், அது தேநீரில் இறங்குகிறது என்றார்கள். சோதனையில் அப்படி வந்தால் கடையைத் தூக்கிவிடுவதாக முடிவு.

தேநீர் வாங்கிவர முந்தின நாள் என்னைத்தான் அனுப்பினார்கள். அமிலத்தில் கழுவிக் காயவைத்த புட்டியை சார் கொடுத்தார்.

"தொறந்து டீயை ஊத்து, மூடு. வேற ஒண்ணும் செய்யாத."

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன். எது தப்பானாலும் என் தலையில்தான் விழும் என்று, கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன். போகும்போது புட்டியை வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. அழுக்குப் புட்டி கொண்டுபோனான் என்று சொல்லிவிடுவார்களே! வார்ப்புப் பிரிவுக் குழாயடியில் நின்று, விரலை விட்டுத் தேய்த்து இரண்டு முறை அலசினேன்.

"இன்னா நைனா, என் டீயைக் கொளுத்திச் சாம்பலாக்குவாராமே உங்க சாரு? குடிச்சுப் பாத்து சொல்லக்கூடாதா?" என்றாள் அக்கா.

"அவரு காப்பிதான் குடிப்பாருக்கா."

"அதான் மூஞ்சி அப்படிக் கீது."

சிரித்துக்கொண்டேதான் ஊற்றினாள்.

மறுநாள் தேநீரை வற்றவைத்து எரித்து, அந்தச் சாம்பலைக் கரைத்துக் கருவியில் வைத்தார் சார். மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து பாதரசம் சொட்டுச் சொட்டாக விழ, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பேனா காகிதத்தில் கோடு இழுத்தது. காரீயம் இருந்தால் கோடு ஓரிடத்தில் படியேறும். படி எவ்வளவு உயரமோ, அவ்வளவு காரீயம்.

ஏறியது. ஆபீசர் காகிதத்தைக் கருவியிலிருந்து கிழித்தெடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வெறும் கோடுதானே சார்? அதுல இன்னா கீது?" என்று அக்கா கேட்டாள்.

என் நகக்கண்களில் எப்போதும் இருக்கும் சாம்பல் நிறக் காரீயத் தூசி அப்போதுதான் கண்ணில் பட்டது. இந்த விரலைத்தான் புட்டிக்குள் விட்டுத் தேய்த்திருந்தேன். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்கவில்லை.

மூன்றாம் நாள் தாங்கமுடியாமல் சாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. தானே புட்டி கழுவி, கடையைத் தூக்கிவிட்டதால் அக்கா வீட்டுக்குப் போய், அதே பாய்லரில் போட்ட தேநீரை வாங்கிவந்தார். கோடு படியேறவே இல்லை. ஆபீசரிடம் ஓடினார். "ரிப்போர்ட் மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்குப் போயாச்சு" என்று பதில் வந்தது. கடை இருந்த இடத்தில் கம்பிவேலி போட்டாகிவிட்டது. அந்த ரிப்போர்ட்டைக் காட்டித்தான் மூன்று பேருக்கும் நஷ்டஈடு இல்லை என்றார்கள்.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"அழுக்குன்னா கழுவுன?"

"பயத்துல கழுவிட்டேன்க்கா."

பாய்லரைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள்.

"இத்த வாங்குன கடன் நூத்திருபது ரூபா கீது. அந்த டப்பை நீ கட்டிடு. வேற ஒண்ணும் வேணாம் போ."

மாதம் பத்து ரூபாய் கொடுத்துவந்தேன். எட்டாவது மாதம் போனபோது வீடு பூட்டியிருந்தது. பிழைப்புத் தேடி, ஆந்திர எல்லை தாண்டித் தடா ஊர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். இரண்டு முறை போய்த் தேடினேன், கிடைக்கவில்லை. பாக்கி ஐம்பது ரூபாய்.