பாக்குவெட்டியில் நறுக்கிய குளிசை

எங்கள் இரண்டாவது பிள்ளை ஆணாக இருந்தால் அவனுக்கு விதை இரண்டுமே இருக்காது என்றும், அதற்குக் காரணம் என் வழுக்கைதான் என்றும் ஒரு கிழமை முழுக்க நம்பிக்கொண்டு திரிந்தேன். பள்ளியில் சுகாதாரப் பாடத்துக்கு எண்பது புள்ளி எடுத்தவன் நான்.

நாற்பத்தைந்து வயதில் உச்சந்தலை வெளிக்கத் தொடங்கியது. பாமசியில் வேலை செய்யும் கூட்டாளி ஒருவன், வயதானவர்களுக்கு மூத்திர அடைப்புக்குக் கொடுக்கும் குளிசையை நான்காக வெட்டி நாளுக்கு ஒரு துண்டு விழுங்கினால் முடி கொட்டாது என்றான். வைத்தியரைக் கேட்கவில்லை, சிரிப்பார் என்ற பயம். எனக்குக் கை நேராக வெட்டாது. மனைவிதான் பாக்குவெட்டியால் நறுக்கி, சிந்திய தூளையும் விரலால் ஒற்றியெடுத்துப் போத்தலில் போடுவாள். மூத்த மகள் உயர்தர வகுப்புப் படிக்கும் காலத்தில் மனைவிக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. தெரிந்த பிறகும் இரண்டு தடவை நறுக்கினாள்.

எத்தனை மாதத்தில் முடி வளரும் என்று பார்க்கத்தான் குளிசைப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை ஒரு நாள் விரித்தேன். கர்ப்பிணிகள் உடைந்த குளிசையைத் தொடக்கூடாது, ஆண் சிசுவின் பிறப்புறுப்பு பாதிக்கப்படலாம் என்று அதில் இருந்தது. உடனே பாக்குவெட்டியைக் கொண்டுபோய் வாவிக்குள் எறிந்தேன். திரும்பி வரும் வழியில், மீன்களின் கதி என்ன என்று இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது.

ஒரு கிழமை கழித்து மனைவியிடம் சொன்னபோது பக்கத்து வளவிலிருந்து அவளுடைய அக்காவும் வந்துவிட்டார். பிள்ளை ரெண்டுங்கெட்டானாகப் பிறந்தால் ஊருக்கு என்ன சொல்வது, கலைக்க மருந்து கொடுக்கிற ஒரு பெண்ணைத் தனக்குத் தெரியும், இப்போதே ஒரு வழி பார்க்கலாம் என்றார். ஊரையே கேலி பண்ணுகிற நான் அன்றைக்கு அதற்குத் தலையாட்டினேன்.

மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, முடி உங்களுக்கு வேணும், குளிசை வெட்டினது நான். பிள்ளை என்ன செஞ்சது? எப்படிப் பிறந்தாலும் நான் வளப்பன். இது என்ட வீடு. வெக்கமா இருக்கிற ஆக்கள் வாசலுக்கு வெளிய நிண்டு வெக்கப்படுங்க."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும்; நான் அங்கே வாழப் போனவன். ஆகவே அது வெறும் வீறாப்பு இல்லை. அடுத்த நாளே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கிருந்த டொக்டர் வயதில் இளைய பெண். வாவி வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்புவித்தேன். மீன்களைப் பற்றி அவர் கருத்துச் சொல்லவில்லை.

"விதை உருவாகிறத இந்த மருந்து தடுக்காது ஐயா. விதையில இருந்து வாற ஹோமோன வேற ஹோமோனா மாறவிடாமப் பிடிக்கும். அதால வெளி உறுப்பு அமையிறதில பிழை வரலாம். தூள் தொட்டதுக்கு அவ்வளவு பயப்படத் தேவையில்ல, ஆனா இனி அம்மா தொடக்கூடாது. பிறந்த உடன பாப்பம்."

பிறந்தது ஆண். வெளியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வலப்பக்க விதை மட்டும் பைக்குள் இறங்கியிருக்கவில்லை. குளிசையாலா என்று கேட்டேன். குளிசையையே காணாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இப்படி வருவதுண்டு, ஆம் என்றும் இல்லை என்றும் தன்னால் சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

வெளியில் மூச்சு விடக்கூடாது, நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்றார் அக்கா. பால் குடிக்கிற பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுகிறவரிடம் என்ன வாதாடுவது? நேரே ஆரையம்பதிச் சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். என் வழுக்கையைப் பற்றிக் கதைக்க அங்கே எப்போதும் நாலு பேர் இருப்பார்கள்.

"என்ட மகனுக்கு ஒரு விதை இறங்கல்ல. இறங்காட்டி ஒப்பரேசன் செய்யிறதாம். சிரிக்கிற ஆக்கள் இப்பவே சிரிச்சு முடிங்க, பிறகு எனக்கு நேரமில்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பின்னால் வந்து, தன் பேரனுக்கும் அப்படித்தான், நாலு வயதாகிறது, தானாக இறங்கும் என்று வீட்டில் இருக்கிறார்கள் என்றார். கிளினிக் நாளைச் சொன்னேன்.

எங்களுடையவனை ஆறு மாதம் வரை பார்த்தார்கள். இறங்கவில்லை. பதினோராம் மாதத்தில் ஒப்பரேசன் செய்து கீழே இறக்கித் தைத்தார்கள். அடுத்த நாள் பகல் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.