அசுரான்ஸ் அமலநாதன்

முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் தகட்டை விரல் மூட்டால் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோகிறார் அமலநாதன். "உள்ள பட்டி பூசியிருக்குது முசியே. எப்ப இடிச்சீங்க?" கார்க்காரர் வானத்தைப் பார்க்கிறார். அமலநாதன் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறார். பழைய அடி எது என்று தெரிந்துகொள்ளாமல் அவர் எந்தக் காருக்கும் பாலிசி எழுதுவதில்லை. புதுச்சேரியில் முக்கால்வாசிக் கார்கள் வருஷத்துக்கு ஒரு நாளாவது அம்மை போட்ட மாதிரி வெள்ளை வட்டங்களோடு ஊருக்குள் ஓடியிருக்கின்றன.

குருசுக்குப்பத்தில் வீடு. ஐம்பத்தெட்டு வயது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த வாய். ஐயா அதில் 'முசியே', இன்சூரன்ஸ் இன்னும் 'அசுரான்ஸ்'தான். ஊரும் அதையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாகக் காருக்குக் காப்பீடு எழுதுகிற மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிள்தான். அதையும் பாலத்து இறக்கம் வந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் சோழவரத்துக்குப் போகிறவர்கள் வந்து மாட்டிக்கொள்வார்கள். மெட்ராஸுக்கு வடக்கே பழைய விமானத் திடலில் நடக்கும் கார்ப் பந்தயத்துக்கு எழுபதுகளில் இங்கிருந்து ஏழெட்டுப் பேர் போவதுண்டு. ஒருவர் மருந்துக் கடை வைத்திருந்தார், ஒருவர் கணக்கு வாத்தியார். கோப்பை வாங்கப் போகிறவர்கள் இல்லை. கடைசிக்கு முந்தி வந்தாலே கடற்கரையில் ஒரு மாதம் அதையே பேசுவார்கள். கிளம்புமுன் விளக்குக் கண்ணாடிகளில் பிளாஸ்திரியைப் பெருக்கல் குறியாக ஒட்டுவார்கள். உடைந்தால் சில்லு திடலில் சிதறக் கூடாது. அந்தப் பிளாஸ்திரிக் கண்களோடு நாலைந்து கார்கள் வரிசையாகப் புறப்பட்ட பிப்ரவரிக் காலைகளை நினைத்தால் அமலநாதனுக்கு இன்றைக்கும் நெஞ்சு இளகிவிடும். அன்றைக்கு என்னவோ அவர்களைத் திட்டத்தான் செய்தார்.

திட்டுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. போகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைத் தமிழில் சொல்லுவார். பந்தயத்தில் ஓடும்போது காருக்கு என்ன ஆனாலும் கம்பெனி பொறுப்பில்லை. "கேட்டீங்களா? கேட்டேன்னு வாயால சொல்லுங்க." சொன்ன பிறகு இன்னொரு காகிதத்தை நீட்டுவார். ஓட்டுகிற ஆளுக்கு மட்டும், சோழவரத்தில் மட்டும், அந்த ஒரு நாளுக்கு மட்டும் விபத்துக் காப்பு. அதற்காகவே வருஷா வருஷம் பஸ் ஏறி மெட்ராஸ் பாரிமுனையில் இருக்கும் கம்பெனி ஆபீசுக்குப் போய்வருவார். "வண்டி நசுங்கினா தகரம், தட்டி எடுத்துக்கலாம். நீங்க நசுங்கினா எவன் தட்டுவான்?"

அவர்களில் அவருக்கு மிகவும் பிடித்தவர் முதலியார்பேட்டை இராமதாஸ். மில் வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய பியட் வாங்கி வாடகைக்கு ஓட்டியவர். வீட்டில் அடுப்பெரிவது அந்தக் காரால்தான். இருந்தும் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சோழவரத்தில் விரட்டாமல் இருக்க முடியாது அவரால். சாயங்காலமானால் அமலநாதன் வீட்டில் டீ. "ஒரு தடவ பக்கத்துல ஒக்காருங்கண்ணே, கடலூர் வரிக்கும் பறந்துட்டு வருவோம்." "நீ பற தாசு. நான் கீழ நின்னு எழுதிக்கிறேன்."

எழுபத்தெட்டில், பந்தயத்துக்கு மறுநாள் காலை, திண்டிவனம் ரோட்டில் இராமதாஸின் கார் புளிய மரத்தில் மோதிவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். அமலநாதன் பஸ்ஸில் போய் இறங்கினார். மரத்தடியில் கார் நின்றது. தோள்பட்டை எலும்பு முறிந்து, கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு இராமதாஸ். பக்கத்தில் அவர் மனைவி தையல்நாயகி.

"நேத்து ராவே ஊட்டுக்கு வந்துட்டேண்ணே. காலையில வாடகைக்கு எடுத்தேன், மாடு குறுக்க வந்துடுச்சு. ஸ்டீரிங்க ஒடிச்சேன், மரத்துல போயிடுச்சு."

அமலநாதன் சாக்பீஸை எடுத்தார். இடது பக்கத் தகட்டுக்கு ஒரு வட்டம். கூரைப் பள்ளத்துக்கு ஒரு வட்டம். மரத்தில் மோதிய காருக்குக் கூரை எப்படி நசுங்கும் என்று கேட்கவில்லை. பந்தய எண்ணை எழுதிய சுண்ணாம்பைக் கதவிலிருந்து தேய்த்துக் கழுவியிருந்தார்கள். அதைப் பார்த்தும் வட்டம் போடாமல் நகர்ந்தார். விபத்து இந்த ரோட்டில் நடந்திருந்தால் கம்பெனி பணம் கொடுக்கும், கார் பிழைக்கும். சோழவரத்தில் நடந்திருந்தால் முறிந்த எலும்புக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் வரும். கார் பிழைக்க வேண்டும் என்றுதான் அவருக்கும் இருந்தது. எழுதவேண்டியது ஒரே ஒரு வரி: மாடு குறுக்கே வந்தது.

முன்பக்கம் வந்து குனிந்தார். உடையாமல் தப்பித்த வலது விளக்கில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது. பந்தயம் முடிந்து கார் வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெய் தொட்டு அதை உரிப்பது எப்போதும் தையல்நாயகியின் வேலை. இந்தத் தடவை லாரியில் ஏற்றிவந்து மரத்தடியில் இறக்கிய கார் வீட்டுக்கே வரவில்லை. அவள் கண்ணும் புருஷன் கையை விட்டு நகரவில்லை.

உரித்துப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். நகம் பிளாஸ்திரியின் ஓரம் வரைக்கும் போயிற்று. பிறகு அமலநாதன் அதைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டார்.

இராமதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். தையல்நாயகிதான் பேசினாள். "எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேண்ணே."

"இந்த ஒரு வட்டத்த விட்டுட்டா, ஊர்ல நான் போட்ட அத்தன வட்டமும் பொய்யாப் போவும்மா."

பதில் சரியானதுதான். ஆனால் சரியாகச் சொல்லிவிட்டால் மனசு ஆறிவிடுமா? பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

எலும்புக்கான பணம் வந்தது. அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். தையல்நாயகி வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. பியட் கொல்லையில் துருப்பிடிக்க, இராமதாஸ் சேதராப்பட்டுக் கம்பெனி ஒன்றுக்கு லாரி ஓட்டினார். மருந்துக் கடைக்காரர் பிரான்சில் மகளோடு போய்த் தங்கிவிட்டார். வாத்தியார் காரை விற்றார். பிளாஸ்திரிக் கண்களோடு கார்கள் கிளம்பும் காலைகளும் அத்தோடு நின்றுபோயின. டீ போடச் சொல்லும்போது மட்டும் அமலநாதன் வாயில் 'ரெண்டு' என்றே வந்தது, ஆறு வருஷமாக.

போன பிப்ரவரியில், எண்பத்துநாலில், ஒரு சனிக்கிழமை காலை. வாசலில் அந்தப் பியட் வந்து நின்றது. ஒரு கதவு மட்டும் வேறு நிறம். இரண்டு விளக்கிலும் புதுப் பிளாஸ்திரி. இராமதாஸ் உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாசிங்கண்ணே."

அமலநாதன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். பொடி எழுத்தை ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"அது போதாது. ஆளுக்குன்னு இன்னொரு காயிதம் இருக்குது."

"அது இல்லாம போவேனா? அதுக்குந்தாண்ணே வந்தேன்."

கையெழுத்தானதும் இருவரும் வெளியே வந்தார்கள். அமலநாதன் பழக்கதோஷத்தில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றினார். முன்பக்கம் வந்ததும் நின்றார். வலது விளக்கில் பிளாஸ்திரியின் ஒரு முனை எழும்பியிருந்தது. சாக்பீஸைப் பையில் போட்டுவிட்டுக் குனிந்து, அந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, ஒட்டிக்கொள்ளும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தார்.