கதவைப் பேசிய கப்டன்

அந்தக் கதவு உண்மையில் யார் வீட்டுக்கோ புதுக் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி. வெள்ளவத்தையில் நாங்கள் நாடகம் பழகிய வீட்டின் வாகனத் தரிப்பிடத்தில் ஒருநாள் கேட்பாரற்றுக் கிடந்தது. அதைப் பிரித்து நிமிர்த்தினோம். சாம்பல் நிறம் பூசி, கறுப்பு மையால் கல் கல்லாகக் கோடு போட்டு, நடுவில் ஒரு காகத்தின் தலையையும் வரைந்தோம். தலையை வரைந்தது நான். அது கோழியாகிவிட்டது. ஆளுக்காள் என்னைக் கேலி பண்ணினார்கள். காகம் வரைவது அவ்வளவு லேசென்றால் நீங்களே வரைந்து கொள்ளுங்கள் என்று தூரிகையை வீசிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டேன். யாரும் வரையவில்லை. கோழித் தலையோடேயே அது காக்கை அரசனின் கல்வாசலாக நின்றது.

கப்டனை நான் முதன்முதல் கண்டது அந்த நாடக வகுப்பில்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் படுத்துக் கிடக்காதே என்று அம்மா என்னைப் பிடித்துத் தள்ளிய வகுப்பு அது. எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். அப்பா மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து புறக்கோட்டைத் துணிக்கடைக்கு வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர். சனிக்கிழமை காலையில் இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போவேன். கப்டனின் குடும்பம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு தொடர்மாடி வீட்டில் இருந்தார்கள். பிறந்ததிலிருந்தே அவளுடைய கால்களுக்குப் பலமில்லை. சக்கர நாற்காலியில்தான் வருவாள். முதல் நாள், அவளிடம் என்ன பேசுவது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் அசடு வழிந்துகொண்டு நின்றோம். அவள் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். இந்தக் கூட்டத்தில் சொந்தமாக வாகனம் வைத்திருப்பது தான் ஒருத்திதான், ஆகவே இன்றிலிருந்து தானே கப்டன் என்று அறிவித்தாள். வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

நாடகத்தின் கதையும் அவளுடையதுதான். காக்கை அரசன் கொழும்பின் விடியலைத் திருடிக்கொண்டு போய், கடலுக்கடியில் ஒரு கல்வாசலுக்குப் பின்னால் பூட்டி வைத்துவிடுகிறான். நகரத்தில் பொழுது விடிவதில்லை. ரொட்டி கொண்டுவரும் பாண்காரன் வருவதில்லை, பள்ளிக்கூட மணி அடிப்பதில்லை. பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் வாள் சுழற்றிக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்பி வருகிறார்கள். கடைசியில் யாரும் மதிக்காத மூன்று பேர் புறப்படுகிறார்கள். ஒருவன் இருட்டென்றால் நடுங்குகிற கள்ளன். இன்னொருத்தி கண்ணாடி இல்லாவிட்டால் யானைக்கும் பஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரியாத வில்லாளி. இது என் பாத்திரம், நடிக்கவே தேவையிருக்கவில்லை. மூன்றாமவள் அவர்களுடைய தலைவி, கடலாமைகள் இழுக்கும் தேரில் வருகிற, நடக்க முடியாத இளவரசி. அது கப்டன். வில்லாளி எய்த அம்பு குறிதவறி எதிரிப் படையின் சோற்றுப் பானையை உடைத்துவிட, பசி தாங்காமல் படை முழுக்க வீட்டுக்குப் போய்விடும் காட்சியை அவள் முதன்முதல் சொன்னபோது, கள்ளனாக நடித்த பையன் சிரித்துச் சிரித்து விக்கலெடுத்துப் பாதி வகுப்பைத் தவறவிட்டான்.

எங்களுக்கு நாடகம் பழக்கிய சேர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்ததாக அவரைப் பற்றிக் கோபமாகத்தான் எழுதப்போகிறேன். ஒரு சனிக்கிழமை அவர் முகமெல்லாம் மலர வந்து, கடைசிக் காட்சிக்கு அற்புதமான யோசனை ஒன்று கிடைத்திருப்பதாகச் சொன்னார். இளவரசி கல்வாசலிடம் உருக்கமாக வேண்டிக்கொள்வாள். கதவு திறக்கும். உடனே மேடை இருண்டுவிடும். மறுபடி வெளிச்சம் வரும்போது விடியலின் வரத்தால் இளவரசி எழுந்து நடந்து வருவாள், சனம் கண்ணீர் விடும். அதெப்படி நடப்பாள் என்று கள்ளன் கேட்டான். அதற்கும் சேரிடம் வழி இருந்தது. இருட்டில் கப்டனை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதே உடுப்பில் இன்னொரு பெண் வருவாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதை முழுக்கத் தேரில் வந்து, படையைக் கலைத்து, கடலைக் கடந்து வந்தவள் கப்டன். வாசல் திறக்கிற நேரத்தில் அவள் இருட்டில் ஓரமாக நிற்க வேண்டுமாம், உள்ளே போவது வேறொருத்தியாம். நான் வாயைத் திறப்பதற்குள் கப்டன் என் கையைப் பிடித்து அமுக்கினாள். சேரைப் பார்த்துத் தலையாட்டி, ஓம் என்று மட்டும் சொன்னாள். அவளுடைய கதையின் வாசலுக்குள் அவளே போக முடியாமல் போய்விட்டது. அதைவிட என்ன அநியாயம் இருக்கிறது?

புதுக் காட்சியை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "அவள் கதவோட நல்லாக் கதைக்கட்டும், கதவு திறக்கட்டும். அவ்வளவுதான்" என்று சேர் சொல்லியிருந்தார். கதைப்பது பேச்சு வழக்கு, எழுத்தில் பேசுவது என்று போட்டால்தான் அழகு என்று நினைத்தேன். இளவரசி கதவைப் பார்த்து நன்றாகப் பேசுகிறாள், கதவு திறக்கிறது என்று எழுதினேன். வசனம் எனக்கு வரவில்லை, மனமும் இல்லை. கப்டனுக்கு அதைப் போனில் அனுப்பி, வசனத்தை நீயே சேர்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் பேசுவது என்றால் வாய் திறந்து நாலு வார்த்தை சொல்வது. கப்டனின் வீட்டில் அதற்குக் கதைப்பது என்று பெயர். அங்கே பேசுவது என்றால் ஏசுவது, திட்டுவது. நன்றாகப் பேசுவது என்றால் இனி எழும்பவே முடியாதபடி திட்டுவது. சரித்திரத்தில் எந்த இளவரசியும் எந்தக் கதவையும் திட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கப்டனுக்கும் அது புதுமையாகத்தான் இருந்ததாம். ஆனாலும் எழுதியிருக்கிறதே, செய்துதானே ஆகவேண்டும் என்று வீட்டிலிருந்து ஆயத்தமாக வந்திருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகை. அட்டைக் கதவைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தது கள்ளன்தான். சேர் நாற்காலியில் சாய்ந்து, உருகுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். கப்டன் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். கதவுக்கு நேரெதிரே நிறுத்தினாள். கோழித் தலையை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏய், உன்னைத்தான். ஆரைக் கேட்டு இதில நிக்கிறாய்? ஏறேலாத மாதிரி நாலு படியைக் கட்டிப்போட்டு, அதுக்கு மேல நீ வேற. லிஃப்ட் பழுது எண்டு ஒரு கடுதாசியை ஒட்டிப்போட்டு மாசக்கணக்காப் பாத்துக்கொண்டு நிண்டனியெல்லோ, வெக்கமில்லையே உனக்கு? கதவெண்டா திறக்கிறதுக்குத்தானே. மூடிக்கொண்டு நிக்கிறதுக்குச் சுவர் இருக்குத்தானே?"

அவள் நிறுத்தவில்லை. வங்கிப் படிகள், பஸ் மிதிபலகை, பின்கதவால் வாருங்கள் என்று சொன்ன சாப்பாட்டுக் கடை, அத்தனை பேருக்கும் சேர வேண்டியதை அந்தக் கதவு ஒன்றே வாங்கிக் கட்டிக்கொண்டது. கதவு நடுங்கத் தொடங்கியது. அது நடிப்பல்ல, பின்னாலிருந்த கள்ளனுக்கு உண்மையாகவே கைகால் உதறியிருக்கிறது. தன் முறைக்கு வெகு முன்னாலேயே கதவைப் படாரென்று திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கினான். விளக்கை அணைக்க வேண்டியவள் சிரிப்பில் அதை மறந்துபோனாள். இன்னொரு இளவரசி உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருவதற்குள் கப்டன் வாசலுக்குள் உருண்டு போய்விட்டாள்.

சேர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அழுகையில்லை, சிரிப்பு. பிறகு என்னை அழைத்து என்ன எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். அவரும் யாழ்ப்பாணத்தவர், உடனே விளங்கிவிட்டது. மறுபடி சிரிக்கத் தொடங்கினார். ஆனால் கவலை போகவில்லை. பிள்ளை எழும்பி நடக்காவிட்டால் சனத்துக்கு மனம் ஆறாது, ஏன் நடக்கவில்லை என்று கேட்பார்கள் என்றார். அதற்குக் கப்டன் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"நடக்கிறதுக்கு நான் ஆரிட்டயும் கேக்கேல்ல சேர். கதவு திறந்தாக் காணும், அதுவே போதும்."

சேர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு இன்னொரு இளவரசியைக் கூப்பிட்டு, நீ கடலாமையாக வா என்றார். அவளுக்கும் அதில் சந்தோஷம்தான். அவள் நடுங்கிக்கொண்டிருந்ததே வசனத்தை நினைத்து.

இப்போது கப்டன் கணக்காளராக இருக்கிறாள். போன மாதம் காலி வீதியில் புதிதாகத் திறந்த ஒரு கட்டடத்துக்குப் போனாளாம். சக்கர நாற்காலிக்கென்று சாய்தளம் கட்டி, அதன் உச்சியில் அழகுக்காக ஒரு பெரிய பூச்சாடியையும் வைத்திருக்கிறார்கள். போனில் என்னிடம், நல்லாப் பேசிப்போட்டு வந்தனான் என்றாள். எந்தப் பேச்சு என்று நான் கேட்கவில்லை. அடுத்த கிழமையே பூச்சாடியை எடுத்துவிட்டார்களாம்.

அந்த வருடம் நாடகம் மேடையேறியது எங்கள் கொட்டாஞ்சேனை மண்டபமொன்றில். மேடைக்கு ஏற அங்கேயும் படிதான். தன்னைத் தூக்கக்கூடாது என்று கப்டன் ஒற்றைக்காலில் நின்றாள். அப்படிச் சொன்னால் அவளே சிரிப்பாள், அதனால் சொல்லலாம். புறக்கோட்டையிலிருந்து அகலமான பலகை ஒன்று கொண்டுவந்து போட்டோம். அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளவத்தையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கல்வாசல் காட்சி வந்தது. கப்டன் பேசத் தொடங்கினாள். முதலில் சிரிப்பு. பிறகு பின்வரிசையிலிருந்து யாரோ, திறவன் என்று கதவை அதட்டினார்கள். தொறந்து விடுடா என்று எங்கள் தெருக் குரல் ஒன்று. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிற சிங்களப் பெண்மணி விளக்குமாறோடு நடுவழிக்கு வந்து, அரின்னகோ, அரின்னகோ என்று தன் பங்குக்குக் கதவைத் திறக்கச் சொன்னார். மண்டபம் முழுக்க ஓர் அட்டைப்பெட்டியைத் திட்டித் தீர்த்தது. கதவு திறந்து, அவள் மஞ்சள் வெளிச்சத்துக்குள் உருண்டு போனபோது எனக்குக் கண்ணாடியெல்லாம் நனைந்துவிட்டது. அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பட்டதில்லை.

சனம் கலையும்போது சேர் வாசலில் போய் நின்றார். பிள்ளை ஏன் நடக்கவில்லை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஏதோ ஆயத்தம் செய்து வைத்திருந்தார். பாடமாக்கியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. ஆட்கள் வந்தார்கள், கும்பிட்டார்கள், போனார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியாக எங்கள் அம்மா வந்து அவருக்கு முன்னால் நின்றார். முகத்தில் கோபம். சேர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏன் சேர், அந்தக் கதவு நேரங்காலத்தோட தொறந்திருக்கக் கூடாதா? புள்ளைய இம்புட்டு நேரம் கத்த வெச்சிருச்சே."

சேர் அம்மாவைப் பார்த்தார். ஆயத்தம் செய்திருந்த எதுவும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

"பிழைதான் அம்மா" என்றார். "அடுத்தமுறை கெதியாத் திறக்கச் சொல்லுறன்."