வெளி ஆள்

எந்தக் கடைக்குக் கணக்கு எழுதப் போனாலும் கணக்கம்மா நேராகக் கணினியின் முன் உட்காருவதில்லை. முதலில் ஒரு சுற்று நடக்கிறார். ஆணியில் தொங்கும் பை யாருடையது, எந்த நாற்காலியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த திண்டு இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறார். "பில்லு எங்க ஓடிடப்போகுது, இருங்க" என்பார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு மேசையெல்லாம் தேடுவார். கூட்டல் ஒத்துவராவிட்டால் யாரையும் திட்டுவதில்லை; காணாமல்போன எண் அகப்பட்டதும், "வாடா, எங்க சுத்திட்டு வர?" என்று அதையே கேட்பார்.

சிறு கடைகள் வெளி ஆட்களுக்குக் கூலி கொடுக்கும்போது ஒரு பகுதியைப் பிடித்து, அவர்கள் பெயரில் வரி அலுவலகத்தில் கட்டவேண்டும். அதைச் செய்வது இவர் வேலை. வசவும் இவருக்குத்தான். பெயர்ப்பலகை எழுதுபவர் ஒருமுறை, "என் காசுல ஏன்க்கா கை வைக்கறீங்க?" என்று சண்டைக்கு வந்தார்.

"உன் பேர்லதான் கட்டியிருக்கு. கூடப் பிடிச்சிருந்தா வருஷக் கடைசியில திரும்ப வரும். அதுவரைக்கும் என்னைத் திட்டிக்கோ, அதுக்கு வரி கிடையாது."

சென்ற வாரம் நான் திரைச்சீலைக் கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தபோது, கணக்கம்மா வெளி ஆட்கள் பட்டியலின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"தையல், வெளி ஆள்னு போட்டிருக்கே. யாரு தம்பி?"

"பின்னாடி தைக்கிறாங்களே, அந்தம்மாதான்க்கா" என்றார் கடைக்காரர்.

"மெஷின் யாரோடது?"

"கடையோடது."

"எப்ப வருவாங்க?"

"கடை திறக்கறப்ப வந்துடணும்."

"வேற கடைக்குத் தைக்கிறாங்களா?"

"விட்டுடுவேனா நானு!" என்று சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

"அப்ப அவங்க கடை ஆளு. சம்பளப் பட்டியல்ல ஏத்தணும். லீவு, சேமநிதி எல்லாம் குடுக்கணும்."

"வரியைப் பிடிச்சு ஒழுங்காத்தானே கட்டறோம்? யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவங்களுக்குத்தான். போன மாசம் காய்ச்சல்ல படுத்தாங்களே, அந்த நாளுக்குக் கூலி எதுவும் போகலையே."

தடுப்புக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினின் சத்தம் நின்றது.

கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா, இருக்கறபடியே கையெழுத்துப் போட்டுடுங்க. இல்லேன்னா அடுத்த மாசம் கணக்கு எழுத நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

கணக்கம்மா பார்க்கும் கடைகளில் இதுதான் பெரியது. மகன் படிப்புக்கு இங்கிருந்து வரும் பணம்தான் போகிறது. அது கடைக்காரருக்கும் தெரியும்.

கணக்கம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். தையல்காரம்மாவின் வரியை வெளி ஆட்கள் பட்டியலிலிருந்து எடுத்துச் சம்பளப் பட்டியலில் சேர்த்தார். இரண்டையும் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க வேற ஆளையே பாருங்க தம்பி. நான் எழுதினா இப்படித்தான் எழுதுவேன்."

பிறகு தன் பையிலிருந்து சொந்த பில் புத்தகத்தை எடுத்தார். அவரும் இந்தக் கடைக்கு வெளி ஆள்தான். இந்த மாதக் கூலியை எழுதினார். அதற்குக் கீழே, தனக்கான வரிப் பிடித்தத்தை எழுதிக் கழித்தார். தாளைக் கிழித்துக் கடைக்காரர் பக்கம் திருப்பி, அதன்மேல் பேனாவை வைத்தார்.