அக்காவின் கடைக்குப் பின்னால் ஒரு நடைபாதை

2006 ஒக்டோபர் முதல் வாரம், பள்ளிக்கூட இலையுதிர்கால விடுமுறையில், இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் ஒரு சிற்றூருக்கு நாலு நாள் போய்வந்தோம். சுற்றுலா என்று சொன்னால் பொய். அங்கே பதினொரு வருடமாகக் கடை வைத்திருக்கும் என் அக்கா, கடையை என்னை எடுக்கச் சொல்லி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தானுக்கு முதுகு நோ, பேப்பர்க் கட்டுகளைத் தூக்க முடியவில்லை. லண்டனில் மகளோடு போய் இருக்க இருவருக்கும் ஆசை. என் மனைவி வதனிக்கு, பதின்மூன்று வயது மதுரா ஆங்கிலத்தில் படிப்பாள் என்ற எண்ணத்தில், போக விருப்பம். எனக்கு மனமில்லை. ஒஸ்லோவில் பனியில் பஸ் ஓட்டி அலுத்துப்போனவன்தான், ஆனாலும் இன்னொரு நாட்டில் முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லை. திங்கள் புறப்படுமுன் பதில் சொல்ல வேண்டும்.

வெள்ளி காலை 5.20க்கு ஒஸ்லோ புறநகர் வெஸ்ட்லியில் ரயில் ஏறினோம். நகரத்திலிருந்து டோர்ப் விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி ஐம்பது நிமிடம், ஆளுக்கு 140 குரோனர். மலிவு டிக்கெட் என்று சந்தோசப்படுகிறவர்கள் இதையும் கூட்டிப் பார்க்கவும். ஸ்டான்ஸ்டெட்டில் இறங்கி, கேம்பிரிட்ஜில் ரயில் மாறி, பெரி சென்ற் எட்மண்ட்ஸ் போய்ச் சேர மதியம் 1.10. ஊருக்கு அங்கிருந்து ஒன்பது மைல். பஸ் ஐந்து நிமிடம் முன்னர் போய்விட்டது, அடுத்தது 4.35க்கு. ரயில் வருகிற நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன் பஸ்ஸை எடுக்கச் சொல்லும் அட்டவணையை எழுதியவரை ஒருமுறை சந்திக்க விரும்புகிறேன். டாக்சிக்கு 17 பவுண்.

ஊர் என்றால் ஒரு தேவாலயம், ஒரு மதுச்சாலை, ஒரு கடை, அறுபது எழுபது வீடுகள். சுற்றிவர அறுவடை முடிந்த வயல். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. அக்கா காலை ஐந்தரைக்கு எழுந்து பேப்பர் பிரிக்கிறார், இரவு எட்டு வரை கடையில் நிற்கிறார். சனி முழுதும் நானும் வதனியும் மேல்மாடியில் நித்திரை கொண்டோம்.

ஞாயிறு மட்டும் ஒரு மணிக்குக் கடை பூட்டுவார்கள். "ஞாயிறெண்டா தூர் போகவேணும் மாமி, வாங்கோ" என்று மதுரா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். தூர் என்பது நோர்வேக்காரரின் ஞாயிற்று நடை. காடு மேடு, யாருடைய காணி என்று பாராமல் நடக்கலாம். அதே பழக்கத்தில் மகள் வேலியில் இருந்த இடைவெளியால் வயலுக்குள் இறங்கினாள், நாங்களும் பின்னால் போனோம்.

நடுவயலில் நாலு சில்லு வண்டியொன்று வந்து நின்றது. அதிலிருந்த வயதானவர், இது தன் நிலம், நடைபாதை வேலிக்கு அந்தப் பக்கம் என்றார். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்குப் பேப்பர் எடுக்க வாறவர்" என்று என் காதில் சொன்னார். அவருக்கு அக்காவை யாரென்றே தெரியவில்லை.

"நான்தான் கடை" என்றார் அக்கா ஆங்கிலத்தில்.

அவர் அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு சிரித்து, கடை மேசைக்குப் பின்னால் உங்களை இடுப்புக்கு மேலேதான் கண்டிருக்கிறேன் என்றார். கெட்ட மனிதரில்லை. அக்காவும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மதுரா கூச்சமில்லாமல், அந்தப் பாதை எங்கே போகிறது என்று அவரிடம் கேட்டாள். ஆற்றோரமாக மரப்பாலம் வரை, இரண்டு மைல் என்றார்.

போனோம். ஒரு மணி பத்து நிமிடம். பாலத்தில் நின்று அக்கா தன் கடைக் கூரையைப் பார்த்தார். "இஞ்சையிருந்து பாத்தா எவ்வளவு சின்னன்" என்றார். பதினொரு வருடத்தில் அந்தப் பக்கம் வந்ததே இல்லையாம்.

திங்கள் காலை பேப்பர் அடுக்கிக்கொண்டே, நான் வாய் திறக்குமுன் அக்கா சொன்னார்: "நீ வரவேண்டாம்."

"ஏனக்கா?"

"நீயும் என்னை மாதிரி இதுக்குள்ளையே நிண்டிடுவாய். வேறை ஆரும் எடுத்தா எடுக்கட்டும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்தது வெட்கமாகவும் இருந்தது. கேம்பிரிட்ஜில் ரயில் மாறும்போது வதனி சொன்னாள்: "உங்கட முடிவு இஞ்சை வர முந்தியே உங்களுக்குத் தெரியும். அதை அவவின்ர வாயால சொல்ல வைச்சிட்டியள்."

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிறு பஸ் கிடையாது, டாக்சியை முதல்நாளே சொல்லி வையுங்கள். நோர்வேயில் நடப்பதுபோல் நடக்காதீர்கள், மஞ்சள் அம்புக்குறி உள்ள பாதையிலேயே போங்கள். மழைச்சட்டை அவசியம்.

இன்னொன்று. இப்படியான ஊர்க் கடைகளில் எங்கள் ஆட்கள் யாராவது நிற்கக்கூடும். பேப்பரை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் நான் நிற்கிறேன், நீங்கள் வெளியே நடந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிப் பாருங்கள். நாலு நாள் இருந்தும் நான் அதைச் சொல்லவில்லை.