ஏழாங்கட்டையில் ஒரு சாட்சி

பரஞ்சோதிக்கு ஒரு பெருமை இருந்தது. யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் மொழிமாற்றிச் சொல்லிவிடுவார். 1951இல் மலாயாவில் கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணிக்கு வந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டதே இதற்காகத்தான்.

மிஷன் போதகர் ஹோல்கம் பத்து வருஷம் சீனாவில் இருந்தவர். அங்கிருந்து வெளியேற வேண்டி வந்ததும், மிஷன் போர்டு அவரைக் கெடாவுக்கு அனுப்பியது. சீன மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் ‘வணக்கம்’ மட்டும். ரப்பர் தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்தில் பரஞ்சோதி நிற்பார். அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசரின் மகள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வேதத்துக்கு வந்தவர்.

பாப்டிஸ்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்தவர் தானாக வந்து, சபை முன்னால் நின்று, பழைய வாழ்க்கையை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதற்குப் பெயர் சாட்சி. கேட்டவர்கள் கை தூக்கினால்தான் ஆற்றில் முழுக்கு.

பால்மரம் வெட்டிப் பாலெடுக்கும் ராக்காயி சாட்சி சொன்னபோது, ஹோல்கமைக் காட்டி, “இந்த வெள்ளக்கொக்கு கண்ண மூடிக்கிட்டு நிக்கிறதப் பாத்து, மீன் புடிக்க வந்திருக்குன்னு சிரிச்சேன்லா” என்றாள். பரஞ்சோதி கொக்கையும் விடவில்லை, மீனையும் விடவில்லை. ஹோல்கம் ஒற்றைக் காலில் நின்று காட்டினார். கூட்டம் நடந்த கொட்டகையே சிரித்தது.

பரஞ்சோதிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே தம்பி சின்னையா. ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவையும் தம்பியையும் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். தம்பி மட்டும் திரும்பினான். புக்கிட் செலம்பாவுக்கு அப்பால் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் மரம் வெட்டினான். குணவதியைக் கட்டினான், ஒரு பெண் குழந்தை. அக்கா ஏழு வருஷம் அவனுக்காக ஜெபம் செய்தார். “ஒங்க சாமிக்கு ஆள் பத்தலையாக்கா?” என்று அவன் கேலி செய்வான்.

1952 கடைசியில் அவனே வந்தான். “அக்கா, என்னையும் முக்கிடச் சொல்லுலா. மனசு ஒரு நிலையில இல்ல.”

அதற்குள் ஏழாங்கட்டையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டாகிவிட்டது. கேட்டில் சோதனை. வெள்ளைக்கார அரசாங்கத்தோடு சண்டை போட்டுக் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போனாலும் ஜெயில். வெளியே மரம் வெட்டப் போகிறவர்கள் சோற்றுத் தூக்கைக்கூட எடுத்துப்போக முடியாது.

சாட்சிக்கு முந்தின வாரம் தம்பிக்குப் பரஞ்சோதி சொல்லிக்கொடுத்தார்.

“எல்லாத்தையும் சொல்லணுமாக்கா?”

“எல்லாத்தையும். மறைச்சா அது சாட்சியில்லடா.”

“யார் யாரு இருப்பாங்க?”

“நம்ம ஆளுங்கதான்.”

உண்மையும் அதுதான், வழக்கமாக. ஹோல்கமின் காருக்குப் பின்னால் காவலுக்கு ஒரு போலீஸ் லாரி வரும். அதிலிருக்கும் வெள்ளை அதிகாரி கீழே இறங்கமாட்டார், உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார். தமிழும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அதிகாரி இறங்கி, கூட்டம் நடந்த, மற்ற நாளில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகைக்குள் வந்து, கடைசித் தூணில் சாய்ந்து நின்றார். பரஞ்சோதி அவரைப் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

சின்னையா எழுந்தான். மாற்றுக் கைலியும் துண்டும் கக்கத்தில். கள்ளுக்கடை, சூதாட்டம், குணவதியை அடித்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பரஞ்சோதி ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னார். குரலில் சந்தோஷம். ஏழு வருஷத்து ஜெபம் கண் முன்னால் நிற்கிறது.

“போன வருசம் வேலிக்கு அந்தாண்ட வந்து நின்ன ஒருத்தனுக்கு மூணு தடவ அரிசி போட்டேன். போலீஸ் வந்து கேட்டப்ப, இல்லவே இல்லன்னு எம் புள்ள மேல சத்தியம் பண்ணேன். பொய்ச் சத்தியம். அதுதான் என்னைத் தூங்க விடல.”

கங்காணி முனியாண்டி பலமாக இருமினார். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. ராக்காயி பரஞ்சோதியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் வாய் பழகிய வேகத்தில் போய்விட்டது. மூன்று தடவை, அரிசி, வேலி, பொய்ச் சத்தியம். எல்லாம் சுத்தமான இங்கிலீஷில்.

அதிகாரி தூணைவிட்டு நிமிர்ந்தார்.

சின்னையா பேசிக்கொண்டே இருந்தான். “அவன் சயாமுல எங்கூட இருந்த சீனப் பய. எனக்குக் காலரா வந்தப்ப வெந்நி காச்சி ஊத்திப் பொழைக்க வச்சவன். பசின்னு வந்து நின்னான். எப்படிக்கா இல்லைங்கறது?”

இதை மாற்றிச் சொல்ல யாரும் கேட்கவில்லை, பரஞ்சோதியும் சொல்லவில்லை. அதிகாரி முன்னால் வந்துவிட்டிருந்தார். அவன் பெயர் என்ன என்று பரஞ்சோதியிடம் கேட்டார். அதற்கும் பதில் சொன்னார் அவர்.

ஹோல்கம் குறுக்கே போனார். “இது தேவாலயம். அவன் கடவுளிடம் சொன்னான்.”

“எனக்கும் கேட்டுவிட்டதே” என்றார் அதிகாரி. பிறகு பரஞ்சோதியைப் பார்த்து, “கைது செய்திருக்கிறேன் என்று அவனிடம் சொல்லுங்கள்” என்றார்.

அதை மட்டும் பரஞ்சோதி தமிழில் சொல்லவில்லை.

அப்போது ராக்காயி கை தூக்கினாள். முனியாண்டி தூக்கினார். கை தூக்கச் சொல்ல ஆளில்லாமலே கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் கை தூக்கினார்கள். சின்னையா அதைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தான்.

“எல்லாரும் தூக்கிட்டாங்களே! ஆத்துக்காக்கா?”

பரஞ்சோதி ஆமென்று தலையசைத்தார். அவன் துண்டோடு போலீஸ் லாரியில் ஏறினான். லாரி ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை.

வழக்கு இல்லை, விசாரணை இல்லை, பத்து மாதம் தடுப்பு முகாம். ஹோல்கம் படியேறாத அலுவலகம் இல்லை. மிஷன் போர்டு தலையிடவேண்டும் என்று நீளமாக எழுதினார். கடிதத்தை டைப் அடித்தது பரஞ்சோதிதான். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஜெபிக்கிறோம், ஆனால் நம் ஊழியர்கள் அந்த நாட்டின் விருந்தாளிகள், அரசாங்க விஷயத்தில் தலையிடலாகாது. சாட்சி நடந்த மாதம் போர்டுக்குப் போன அறிக்கைத் தாளில் ஏழாங்கட்டைக்கு எதிரே ஹோல்கம் எழுதியது: சாட்சி ஒன்று, முழுக்கு இல்லை.

குணவதி நாத்தனாரிடம் கடைசியாகப் பேசியது ஒன்றுதான். “அவரு தமிழ்ல சொன்னது ஒங்க சாமிக்குக் கேக்காதா? இங்கிலீஷ்லயும் சொல்லணுமா?”

அடுத்த வருஷக் கடைசியில் நாடு கடத்தும் உத்தரவு வந்தது. சின்னையா பிறந்தது கெடாவில். பிறப்புப் பத்திரம் யுத்தத்தில் போய்விட்டது, நிரூபிக்க முடியவில்லை. பினாங்குத் துறைமுகத்தில் ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள், நடுவில் ஒரு காவல்காரன். குணவதியும் குழந்தையும் முன்னாலேயே கப்பலுக்குப் போகும் படகில் ஏறிவிட்டார்கள். குணவதி திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி இளைத்திருந்தான். பரஞ்சோதி மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தார். அவன் விடவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். பத்து மாசமா அதான் யோசன. அவன் பசிக்குத்தான் வந்தான், சயாமுல என்னைக் காப்பாத்துனவன்னு சொன்னேனே, அத அந்தத் தொரகிட்டச் சொன்னியா?”

“சொன்னேன்டா.”

“சொல்லியும் புடிச்சிட்டானா?”

“ஆமா.”

“அப்ப நீ என்னக்கா பண்ணுவ” என்றான். அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்தான்.

காவல்காரன் “ஜாலான், ஜாலான்” என்று மலாயில் நடக்கச் சொல்லி அவனைத் தள்ளினான். நாகப்பட்டினத்தில் இறங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அங்கே அவனுக்கு யாரையும் தெரியாது.